பழவேற்காட்டுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருவொற்றியூரிலிருந்து முதல் தடவை இருபது பேரைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போனது ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏரி கரை வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கூட வந்த பிள்ளைகள் இரவல் வாங்கி வந்த பைனாகுலரில் மின்கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த செம்பருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். டீக்கடை அக்காதான் சொன்னார்: "தண்ணி முட்டிக்குக் கீழ இறங்கணும் தம்பி. பொங்கல் கழிச்சு வாங்க."

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் பூநாரை ஆழமில்லாத தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை அலசி இரை எடுக்கும் பறவை. தண்ணீர் ஏறிவிட்டால் அங்கே அதற்குச் சாப்பாடு இல்லை, ஆழம் குறைந்த இடம் தேடிப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்த வருஷத்தில் ஜனவரி பாதி தாண்டித்தான் பெரும்பாலும் கூட்டமாகப் பார்க்க முடிகிறது. தேதி குறிக்கும் முன் ஊரில் யாரையாவது கூப்பிட்டுத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டிருந்தால் போதும், நாங்கள் கேட்கவில்லை.

சரி, அது சின்னத் தவறு. பெரிய தவறு கையில் ஒரு கடிதத்தோடு போனது.

'பறவை நோக்கலுக்கும் படகுப் பயணத்துக்கும் அனுமதி வேண்டி' என்று தலைப்புப் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். ஊராட்சிச் செயலர் பொறுமையாக முழுக்கப் படித்தார். "இதுல நான் கையெழுத்து போடறதுக்கு ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம், அதற்குள் எது செய்வதானாலும் வனத்துறை. மீன் இறங்குதளம், படகுப் பதிவு எல்லாம் மீன்வளத்துறை. மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய வாசலோடு இருக்கும் டச்சுக் கல்லறை மத்தியத் தொல்லியல் துறையிடம். படகுச் சவாரி வேண்டுமா வேண்டாமா என்பது மாவட்ட நிர்வாகம். ஊராட்சியிடம் மிச்சமிருப்பது தெரு, விளக்கு, குடிநீர், குப்பை, கழிப்பிடம். ஆள் கூட்டிப் போகிறவனுக்கு நிஜமாகத் தேவைப்படுவதும் இவைதான். ஆனால் எங்கள் கடிதத்தில் இவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை! எத்தனை பேர் வருகிறோம், எத்தனை வண்டி, எங்கே நிறுத்துவோம், பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே என்று கேட்டிருந்தால் அவர் உடனே பதில் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, எந்த ஊராட்சி என்பதிலும் குழப்பம் வரும். நாம் மொத்தமாகப் பழவேற்காடு என்று சொல்லும் இடத்தில் பழவேற்காடு, கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் என்று ஊராட்சிகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் வேறு ஊராட்சியின் எல்லைக்குள் நிற்பீர்கள். தலைவரைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். திருவள்ளூர் மாவட்டமும் அதில் உண்டு. அதனால் இப்போது கையெழுத்து யாருடையது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், பழைய தலைவரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம்.

எண்ணூர்ப் பக்கம் கதையே வேறு. அங்கே கத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, இப்போது ஒன்றாவது மண்டலம். கொசத்தலை ஆற்றின் தென்கரையில் நிற்கும் முகத்துவாரக் குப்பத்துக்காரருக்குக் கவுன்சிலரும் மண்டல அலுவலகமும். ஆற்றைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம், கிராம சபை. உப்பங்கழி ஒன்றுதான், கரைக்கு ஒரு நிர்வாகம். போன வருஷம் எண்ணூர்த் தம்பிகள் சிலர் கண்டல் காட்டை, அதாவது அலையாத்திக் காட்டை, சுற்றிக் காட்டத் திட்டம் போட்டு, "கிராம சபைல தீர்மானம் போட்டுடலாம்ணா" என்றார்கள். மாநகராட்சி வார்டில் ஏது கிராம சபை? அங்கே இருப்பது வார்டு குழுவும் பகுதி சபையும். வடகரை ஊராட்சிகளுக்குத்தான் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கேயும் தீர்மானம் போட்டுவிட்டால் சரணாலயத்துக்குள் போகலாம் என்று ஆகாது. வண்டி நிறுத்தம், கடை போடும் இடம், குப்பைத் தொட்டி போன்றவற்றுக்கு அந்தத் தீர்மானம் நல்ல பலம், அவ்வளவுதான்.

இந்த அலுவலகங்கள் எதிலும் பெயர்ப்பலகை இல்லாத நிர்வாகம் ஒன்று இருக்கிறது. அதை மறப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மீனவர் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தும் அரசின் ஊராட்சியும் ஒன்றல்ல. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்கிற முறையில் ஊர்க்காரர்களே காலங்காலமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முறை வைத்து வரும். இன்றைக்கு உனக்கு வாய்த்தால் இறால், இல்லையென்றால் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அன்று நாங்கள் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓரமாக ஒரு சுற்று கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சினோம். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்தப் பக்கம் இன்னிக்கு வேற ஊரு பாடுண்ணே. நானே போக மாட்டேன், உங்கள எங்க கூட்டிப் போறது?" அவர்கள் கட்டியிருக்கும் வலை மேல் நம் படகு ஏறினால் ஒருவருடைய அந்த முறை வருமானமே போச்சு. பணம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் மறுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஏரி ஆழமில்லாததுதான், பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். முகத்துவாரத்தை நெருங்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. அங்கே கடல் உள்ளே வரும், ஏரி வெளியே போகும், நடுவில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். மீன்பிடிப் படகு மீன் பிடிப்பதற்குப் பதிவானது, ஆள் ஏற்றுவதற்கல்ல. யாராவது காதோடு காதாக "முந்நூறு ரூபாய் கொடுங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றால் ஏறாதீர்கள். உங்களை நம்பி வந்தவர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பட்டா இருக்கிறது, நாலு ஓலைக் குடில் போட்டு வாடகைக்கு விடலாம் என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஏரியோ கழியோ கடலோ, அலை ஏறும் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பிடிக்கும். கண்டல் காடும் சேற்றுத் திட்டும் அதிலேயே கடுமையான வகை. ஊராட்சியின் கட்டட அனுமதியை வைத்துக்கொண்டு மட்டும் கல் ஊன்றிவிடக் கூடாது, மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமத்தில் முதலில் கேளுங்கள்.

கேமராக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பூநாரை பறந்தால்தான் இறக்கையின் சிவப்புத் தெரியும் என்று கைதட்டி எழுப்பிவிடுகிறார்கள். ஒரு தடவை எழும்பினால் மறுபடி இறங்கி மேய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கைதட்ட மனசு வராது. ட்ரோன் அதைவிடக் கொடுமை, அனுமதியில்லாமல் சரணாலயத்தின் மேல் விட்டால் வழக்கும் வரும். அப்புறம், இடுப்பளவு தண்ணீரில் பறி என்கிற மீன் கூடையின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நெருங்கிப் போய்ப் படமெடுக்கிறார்கள். வாயில் பறி இருக்கிறவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளைத் தவிர்த்துவிடுங்கள், மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள், சாலையில் கூட்டமும் இருக்கும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான். நேலப்பட்டுக் கூழைக்கடாக்களும் சூலூர்ப்பேட்டைப் பூநாரைத் திருவிழாவும் அவர்களுடையவை, நம் பக்கத்துப் பொன்னேரியில் வாங்கிய கடிதம் அங்கே எடுபடாது.

சாப்பாட்டை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போவதை நாங்கள் இரண்டாம் பயணத்தில் நிறுத்தினோம். முதல் பயணத்தில் ஆளுக்கொரு பிரியாணி டப்பா, ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். அதை அங்கே விட்டுவிட்டு வந்தால் மறுநாள் காலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைக் காவலர் அள்ள வேண்டும். நாம் அந்த ஊருக்கு வரி கட்டுகிறவர்களும் இல்லை. இப்போது இரண்டு நாள் முன்பே மகளிர் குழு அக்காக்களிடம் தலைக்கணக்கு சொல்லிவிடுகிறோம். மடவை மீன் குழம்பு, கிடைத்தால் நண்டு. நண்டு விலையைப் பேரம் பேச வேண்டாம், நல்ல நண்டு ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு. போகும்போது இரண்டு கோணிப்பை கொண்டுபோகிறோம். கடைசியாகப் போனபோது இரண்டும் நிரம்பிப் பொன்னேரி ரயில் வரைக்கும் தூக்கி வந்தோம். அதில் பாதி எங்களுக்கு முன் வந்துபோனவர்கள் போட்டது.