கெய்ரோவில் தெருச் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

எகிப்துக்குப் போகிறவர்களில் பலர் பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, ஓட்டல் பஃபேயில் பாஸ்தாவும் வறுத்த கோழியும் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கெய்ரோவின் ருசியான சாப்பாட்டில் பாதி தெருவில்தான் இருக்கிறது. விலையும் குறைவு, சைவமும் நிறைய. நான் சொல்லும் விதி ஒன்றுதான்: உள்ளூர்க்காரர்கள் எந்தப் பண்டத்தை எந்த நேரத்தில் சாப்பிடுகிறார்களோ, அதே நேரத்தில் நீங்களும் போய் நில்லுங்கள். கூட்டம் இருக்கும்போது சட்டி சூடாக இருக்கும், ஆறிப்போனது தட்டில் விழாது.

படி 1: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

சிறிய கடைகளில் விலை அரபு எண்களில் எழுதியிருக்கும். சுழியத்தை வெறும் புள்ளியாக எழுதுவார்கள். நமக்குச் சுழியமாகத் தெரியும் சிறு வட்டம் உண்மையில் 5. பார்க்க 7 போல இருப்பது 6. மேல்நோக்கி வாய் திறந்த கூர்முனை 7. அதைக் கவிழ்த்தால் 8. ஒன்றும் ஒன்பதும் ஏறத்தாழ நம் எழுத்தேதான். அரபு எழுத்து வலமிருந்து ஓடினாலும் எண்களை இடமிருந்தே படிக்க வேண்டும். இதை விமானத்திலேயே பழகிவிட்டால் ‘பி காம்?’ (எவ்வளவு?) என்று கேட்டுவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சில்லறைக்கு அங்கே ‘ஃபக்கா’ என்று பெயர். தள்ளுவண்டிக்காரரிடம் 200 பவுண்டு நோட்டை நீட்டினால் முகம் சுருங்கும். பெரிய கடைகளில் நோட்டை மாற்றி, 10, 20 பவுண்டு தாள்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காலையில் ஃபூல் வண்டி

ஃபாவா அவரையைக் கழுத்து குறுகிய பெரிய பானையில் இரவு முழுவதும் சிறு தீயில் வேகவிடுவார்கள். காலையில் அதை அகப்பையால் மொண்டு, மசித்து, சீரகம், உப்பு, எலுமிச்சை, எண்ணெய் சேர்த்துத் தருவார்கள். இதுதான் ஃபூல். ஆளிவிதை எண்ணெய் ஊற்றியதைக் கேட்டு வாங்குங்கள். லேசான கசப்பும் வாசமும் அவரைக்கு நன்றாகப் பொருந்துகின்றன. தஹினி (எள் விழுது) கலந்தது இன்னும் மென்மையாக இருக்கும். உச்சிவேளைக்குள் பல வண்டிகளில் பானை காலியாகிவிடும் என்பதால் சீக்கிரம் கிளம்புங்கள்.

கரண்டி தேவையில்லை. ‘அய்ஷ் பலதி’ என்ற தவிட்டு ரொட்டியைக் கிழித்து, சிறு கிண்ணம் போல மடித்து, வலது கையால் அள்ள வேண்டும். இந்த மடிப்பைப் ‘பூனைக்காது’ என்கிறார்கள். ரொட்டி அங்கே அரசியல் விஷயமும்கூட. 1977 ஜனவரியில் உணவு மானியத்தைக் குறைக்க முயன்றபோது நாடே கொதித்தெழுந்தது, அரசு பின்வாங்கியது. ரேஷன் அட்டைக்குத் தரும் ரொட்டியின் விலை 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஏறாமலிருந்து, 2024 ஜூனில்தான் 5 பியாஸ்தரிலிருந்து 20 ஆனது (100 பியாஸ்தர் ஒரு பவுண்டு). நமக்குக் கிடைப்பது மானியமில்லாத ரொட்டி, அதுவும் மலிவுதான்.

ஃபூலுடன் தாமியாவும் வாங்குங்கள். பார்வைக்கு மசால் வடையின் தம்பி. மற்ற அரபு நாடுகளில் ஃபலாஃபலைக் கொண்டைக்கடலையில் செய்வார்கள். எகிப்தில் அதே ஃபாவா அவரைதான். கொத்தமல்லி, பார்ஸ்லி போன்ற கீரைகளைத் தாராளமாக அரைத்துச் சேர்ப்பதால் உள்ளே பச்சை நிறமாக இருக்கும். என் கணக்கில் ஃபலாஃபல் இதற்கு அடுத்துத்தான். எண்ணெயிலிருந்து எடுத்த உடனே சாப்பிடுங்கள். பத்து நிமிடம் போனால் வேறு பண்டமாகிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஜி-6-பி-டி குறைபாடு (பரம்பரையாக வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ளவர்கள் ஃபாவா அவரையைத் தொடவே கூடாது, இரத்த அணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 3: மதியம் கோஷரி

அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, மொறுமொறுவென வறுத்த வெங்காயம். கேட்கும்போது குழப்படியாகத் தோன்றும். சாப்பிட்டால் ஒன்றையும் எடுக்க மனம் வராது. இந்தியக் கிச்சடியிலிருந்து வந்தது என்று பலர் சொல்வதுண்டு. 2025 டிசம்பரில் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் தீபாவளியும் கோஷரியும் மரபுப் பட்டியலில் ஒன்றாக இடம்பிடித்தன.

பார்சல் வாங்குவதானால் பொதுவாக முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டைப் பரிமாறுபவரிடம் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தால் மேசையில் இரண்டு புட்டிகள் இருக்கும். ஒன்று பூண்டும் வினிகரும் கலந்த ‘தஆ’. இதைத் தாராளமாக ஊற்றலாம். மற்றது ‘ஷத்தா’ என்ற மிளகாய்ச் சாறு. எகிப்திய சமையலில் காரம் குறைவு என்று நம்பி இதையும் அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். முதல்முறைக்குச் சிறிய கிண்ணமே போதும், வயிறு கல்லாகிவிடும். நகரின் நடுவே ஷாம்போலியன் தெருவில் உள்ள அபூ தாரிக் கடை கோஷரிக்கே பேர்போனது.

படி 4: மாலையில் உட்கார்ந்து சாப்பிட

முலுகியா என்பது பொடியாக நறுக்கிய சணல் கீரையில் வைக்கும் வழவழப்பான குழம்பு. பூண்டையும் கொத்தமல்லி விதையையும் நெய்யில் தாளித்துக் கொட்டுவார்கள். கொட்டும் கணத்தில் சமைப்பவர் ‘ஹா’ என்று மூச்சிழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ருசி வராது என்பது வீட்டுப் பெண்களின் நம்பிக்கை. இடைக்காலத்தில் எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிம் இந்தக் கீரையையே தடை செய்தார். வழவழப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அவர் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். அரிசி அடைத்த புறாவும் உண்டு. எலும்பு அதிகம், கறி குறைவு.

ஃபெசீக் என்ற ஊறவைத்த மீனை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். சரியாகப் பதப்படுத்தாவிட்டால் கொடிய நச்சு சேரும். வசந்தத் திருநாளான ஷம் அல்-நசீம் வரும்போதெல்லாம் சுகாதாரத் துறையே எச்சரிக்கிறது.

படி 5: சைவக்காரர்கள் கேட்க வேண்டியது

‘நான் சைவம்’ என்றால் கோழி வரலாம். கீரைக் குழம்பும் பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் கொதித்திருக்கும். அதனால் ‘சியாமி’ என்று கேளுங்கள். எகிப்தின் பழமையான கிறித்தவச் சமூகமான காப்டிக் கிறித்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை இல்லாமல் நோன்பு இருப்பவர்கள். அந்தச் சாப்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். சில நோன்புகளில் மீனுக்கு அனுமதி உண்டு, அதை மட்டும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

ரமலானில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும். சூரியன் மறைந்ததும் ஊரே மேசைக்கு வந்துவிடும், அப்போது போங்கள்.

படி 6: குடிக்க

தண்ணீர் சீல் வைத்த பாட்டிலில் மட்டும். கரும்புச் சாறு கண்ணெதிரே பிழிந்ததாக இருக்கட்டும், ஐஸ் வேண்டாம். செம்பருத்தி வகைப் பூவில் செய்யும் கர்கதே புளிப்பு. அஸ்வான் பக்கத்துப் பூவுக்கு மவுசு.

காப்பிக்குச் சர்க்கரையைத் தூளோடு சேர்த்தே கொதிக்க வைப்பதால் அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: சர்க்கரை இல்லாமல் ‘சாதா’, நடுத்தரமாக ‘மஸ்பூத்’, தித்திப்பாக ‘ஸியாதா’. வந்ததும் கலக்காமல் ஓரிரு நிமிடம் விட்டுவைத்துக் குடியுங்கள். அடியில் தங்கும் வண்டலைக் குடிக்கக் கூடாது.