பைபோலாரா, பார்டர்லைனா: டாக்டரிடம் போகும் முன் நாலு வாரம் நோட்டு எழுதும் முறை

பைபோலார் என்பது மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் போகும் நோய். பார்டர்லைன் என்பது உறவு பற்றிய பயத்தில் மனநிலை மணிக்கணக்கில் மாறும் ஆளுமைக் கோளாறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே கோபம், ஒரே அழுகை, ஒரே அவசரச் செலவு. பிரித்துக் காட்டுவது, அந்த நிலை எத்தனை நேரம் நீடிக்கிறது, புத்தி எப்போது தடுமாறுகிறது என்ற கணக்கு. நோயைத் தீர்மானிப்பவர் மனநல மருத்துவர்தான். ஆனால் அந்தக் கணக்கு வீட்டில்தான் இருக்கிறது.

சாவதைப் பற்றிப் பேசினால் நோட்டு வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, ராத்திரியானாலும்.

40 பக்க நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: தூங்கிய மணிநேரம், மனநிலை (மைனஸ் 5 முதல் பிளஸ் 5), அதற்குச் சற்று முன் நடந்தது, மறதி அல்லது தவறு. காலை, மதியம், இரவு எழுதுங்கள். ராத்திரி மொத்தமாக எழுதினால் கடைசிச் சண்டை முழு நாளையும் மூடிவிடும். பாதிக்கப்பட்டவரே எழுதுவது நல்லது. வீட்டார் எழுதினால் அவருக்குத் தெரிந்தே எழுதுங்கள். ‘திமிர்’ என்று எழுதாமல், ‘எம்.சி. ரோட்டில் ஒரே மூச்சில் ஆறு புடவை எடுத்தார்’ என்று எழுதுங்கள்.

முதலில் தூக்கத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் சோர்வில்லை, பேச்சு நிற்கவில்லை, திட்டத்துக்கு மேல் திட்டம். இது தொடர்ந்து 4 நாள் இருந்தால் ஹைபோமேனியா (மிதமான மன எழுச்சி), ஒரு வாரமானால் மேனியா (கட்டுமீறிய மன எழுச்சி) என்று சந்தேகிக்க இடமுண்டு. பைபோலாரின் முகம் இது. ஹார்பர் நைட் ஷிப்ட், காசிமேட்டு விடியற்காலை ஏலம் என்று கண்விழித்த நாள்களைத் தனியே குறியுங்கள். வேலையால் விழித்தவர் மறுநாள் அசந்து விழுவார். பைபோலார் உள்ளவரையோ அந்தக் கண்விழிப்பே மேனியாவுக்குள் தள்ளிவிடலாம்.

பார்டர்லைன் நோட்டு வேறு மாதிரி ஓடும். காலை 10 மணி, பிளஸ் 2. 11 மணிக்கு அனுப்பிய மெசேஜுக்கு ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. 11.30, மைனஸ் 5. பால் பொங்கி அடுப்பு அணைந்ததே தெரியவில்லை. 3 மணிக்கு போன் வந்தது, பிளஸ் 1. இங்கே ஞாபகசக்தி கெடவில்லை. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் கவனத்தை மொத்தமாக இழுத்துக்கொண்டது. சாதாரண முகமும் அப்போது கோப முகமாகத் தெரியும்.

ஆகவே மனநிலை சமமாக இருக்கும் நாள்களின் நாலாவது கட்டத்தை விடாதீர்கள். அலை ஓய்ந்த பிறகும் கவனம், கேட்டதை நினைவில் வைப்பது, திட்டமிடுவது பைபோலார் உள்ள பலருக்கு மந்தமாகவே இருக்கும். மளிகைக் கடைக்கு ஆறு சாமான் சொல்லி அனுப்பினால் மூன்றோடு திரும்புவார். சோம்பேறி என்று திட்டாதீர்கள், பாவம். சில மாத்திரைகளும் மந்தம் தரும். பெயரும் அளவும் எழுதுங்கள். இரண்டையும் பிரிக்கும் இந்தக் கோடு எல்லோருக்கும் நேராக விழாது, இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

வித்தியாசம் மருந்தையே மாற்றும். பைபோலாருக்கு லித்தியம் போன்ற மூட் ஸ்டெபிலைசர் (மனநிலையைச் சமப்படுத்தும் மருந்து) அடிப்படை. டிப்ரெஷன் மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பும். பார்டர்லைனுக்கு டிபிடி (உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் முறை) போன்ற பேச்சு சிகிச்சையே முதன்மை.

நோட்டையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போங்கள். ஊர் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லும் என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே லித்தியம் எடுப்பவர் என்றால், ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து. அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும்.