சமம் விழுந்தால் யாருக்கு அடி?

சொந்தமாக ரோல்பிளே கேம் (ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடும் கதை விளையாட்டு) எழுதுகிறீர்களா? தாக்குபவரும் தடுப்பவரும் ஆளுக்கொரு ஆறுமுகப் பகடை உருட்டி, பெரிய எண்ணுக்கே வெற்றி என்று வைத்தால், சம எண் யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். 36 சேர்க்கைகளில் 6 சமம். அதைத் தடுப்பவருக்குக் கொடுத்தால் அடி விழும் வாய்ப்பு 15/36, சுமார் 42%. தாக்குபவருக்குக் கொடுத்தால் 21/36, சுமார் 58%.

மயிலாப்பூர் மொட்டை மாடியில் நாங்கள் தடுப்பவருக்குக் கொடுத்தோம். ஒரு பூதம் விழுவதற்குள் சுண்டல் பொட்டலம் காலி, பகடையும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்.

சரி, வாளுக்கு +1 கொடுத்தோம், அதாவது தாக்குபவரின் எண்ணோடு 1 கூட்டல், அதே 58%. ஆசைப்பட்டு +3 கொடுத்தால் 83%, தடுப்பவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சில்லறை எதிரிகளுக்குப் பகடையே வேண்டாம். தாக்குபவர் மட்டும் உருட்டி, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி, சரிபாதி வாய்ப்பு.

அப்புறம், வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் அதையும் உருட்டிப் பாருங்கள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் தாயத்தில் 12. இங்கே 0 என்று வையுங்கள். கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை வரும், 3 தான் அதிகம், 16-ல் 4. கவச எண்ணை (அடி விழத் தேவையான எண்) 3-ஐ ஒட்டி வைத்தால் ஒரு புள்ளி கூடினாலே நன்றாக உறைக்கும்.