பின்பக்க டர்போவில் ஆயில் கசிவு: என் அனுபவம்

பின்பக்கம், சைலன்சர் இருக்கும் இடத்தில் டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) மாட்டினால், அதற்குள் ஓடும் ஆயில் தானாக வடிந்து இன்ஜினுக்குத் திரும்பாது. அதை உறிஞ்சி அனுப்பத் தனி பம்ப் வேண்டும். இப்படி டர்போ மாட்டிய என் காரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஆயில் எரிவதால் வரும் நீலப்புகை கிளம்பும்; கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் அடைப்பு) போச்சு, புது டர்போ போடு என்று சிலர் சொன்னார்கள். அங்கே இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். வடிகாலில் ஆயில் தேங்கினால் புது டர்போவும் கசியத்தான் செய்யும். டர்பைன் ஹவுசிங்கை (புகை சுழற்றும் சக்கரத்தின் வெளிக்கூடு) கழற்றினேன். ஷாஃப்டில் (டர்போ சுழலும் தண்டு) கூடுதல் ஆட்டம் இல்லை. அடியில் கறுப்பாக ஆயில் குளம் கட்டி நின்றது. வண்டி அணைந்தபின் டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் நீளமான ஃபீட் லைனில் இருந்த ஆயில் மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த லைனில், டர்போவுக்கு முன்னால், ஸ்பிரிங் வைத்த செக் வால்வு (ஆயில் அழுத்தம் இல்லாதபோது மூடிக்கொள்ளும் வால்வு) போட்டேன். சாவியை அணைத்தபிறகும் ஆயிலை உறிஞ்சும் பம்ப் அரை நிமிடம் ஓட டைமர் ரிலே (குறித்த நேரம் கழித்து மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) வைத்தேன். காலைப் புகை நின்றுவிட்டது.