காரை வளைவுக்குத் தயார் செய்கிறேன் என்று கெடுக்கும் வழிகள்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் வேலூர்ப் பக்கத்து இளைஞர்களைச் சும்மா இருக்க விடுவதில்லை. கார் கைக்கு வந்ததும் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பில், கை வைக்கிறார்கள். எங்கள் தலைமுறை செய்து சூடுபட்ட அதே வேலைகள்தான். நட்டை இறுக்க மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை சத்தம் போட்டுத் தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கார் தாழ்வாக, பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. "அண்ணா, வளைவில் வண்டி வெளியே ஓடுகிறது, ஒரு ஸ்ட்ரட் பார் போட்டுவிடுங்கள்" என்றார். இரண்டு முன்பக்க ஷாக்குகளின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி அது. ஜாக்கியில் தூக்கினேன். முன்சக்கரம் தொங்கியதும் ஸ்பிரிங்கைக் கையாலேயே சுழற்ற முடிந்தது. வெட்டிய முனையில் காஸ் கட்டிங்கின் நீலக் கறை.

சுருள் குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது உண்மைதான். வேலை செய்யும் ஆறு சுருள்கள் ஐந்தானால் கடினம் 20 சதவீதம் கூடும். ஆனால் கார் இறங்கிய அளவுக்குச் சக்கரம் மேலேறும் இடமும் போய்விடுகிறது. வளைவில் எடை வெளிச்சக்கரத்தின் மேல் சாயும்போது ஷாக் அப்சார்பர் தன் எல்லையில் உள்ள தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். அந்தக் கணமே டயர் பிடியை விடும். அந்தத் தம்பியின் கார் வெளியே ஓடியது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள காரை மிகவும் இறக்கினால், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (கார் பக்கவாட்டில் சாயும்போது சுழலும் புள்ளி) அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட, கார் சாயவே பார்க்கும். எதைக் குறைக்க வெட்டினார்களோ அது கூடிப்போகிறது! இதற்குமேல், தீயில் காய்ந்த எஃகு பதம் இழந்திருக்கும். பழைய ஷாக்குக்கோ புதிய கடினத்தை அடக்கத் திராணி இல்லை. கடைசியில் ஸ்பிரிங், ஷாக், உள்விளிம்பு தேய்ந்த டயர் என்று மூன்றுக்கும் பணம் கட்டினார். தாழ்த்தியே ஆக வேண்டுமானால் அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கை, பொருந்தும் ஷாக்கோடு வாங்குங்கள்.

கிழிந்த புஷ்ஷை விட்டுவிட்டுப் பார் மாட்டுவது

லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் ஆடும்போது மேலே ஸ்ட்ரட் பார் மாட்டி என்ன பயன்? புது புஷ் போடுபவர்களும் சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். கார் தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

வழுக்கை டயர்

முதல் செலவு நல்ல டயருக்கு.

அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடுவது

உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றை மாற்றி, தெரிந்த சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான பின்பக்க ஆன்டி ரோல் பாரைக் கடைசிக்கு வையுங்கள். அது அளவுக்கு மீறிக் கடினமானால் ஈரச் சாலையில் வண்டியின் பின்பக்கம் வீசிவிடும்.