பாதியில் நின்ற ஸ்வெட்டரை மறுபடி எடுக்கும்போது

எடுத்த உடனே அடுத்த வரிசையைப் பின்னத் தொடங்காதீர்கள். மாதக்கணக்கில் ஊசியிலேயே கிடந்த கண்ணிகள் (பின்னலின் நூல் வளையங்கள்) இழுபட்டு அகன்றிருக்கும். அப்படியே தொடர்ந்தால் அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு தெரியும். துவைத்தாலும் அது முழுதாக மறையாமல் போகலாம். மூன்று வரிசை கீழே, ஒவ்வொரு கண்ணியின் வலது காலிலும் (வளையத்தின் வலப்பக்க இழையிலும்) வழவழப்பான மெல்லிய பருத்தி நூலைக் கோத்துவிட்டு, அதுவரை பிரியுங்கள். கண்ணிகளை ஒரு அளவு மெல்லிய ஊசியில் ஏற்றி எண்ணிப் பாருங்கள். பின்னும்போது பழைய ஊசிக்கே மாறிவிடலாம்.

கைப்பிடியும், அதாவது நீங்கள் பின்னும் இறுக்கமும், மாறியிருக்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பழைய பகுதியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி இருந்து, இப்போது 20தான் விழுகிறது என்றால், 110 கண்ணி 50 செ.மீ.க்குப் பதில் 55 செ.மீ. அகலம் வரும். முதலில் 30 கண்ணியில் ஒரு சிறு துண்டு பின்னி அளந்துவிடுங்கள். தளர்வாக வந்தால் ஊசியை ஒரு அளவு குறையுங்கள்.

பிரித்த நூல் சுருண்டிருக்கும். சிட்டமாக, அதாவது பெரிய தளர்வான வளையமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தொங்கவிட்டுக் காயவையுங்கள். புது நூல் வாங்க நேர்ந்து நிறம் சற்றே வேறுபட்டால், பழையதும் புதியதுமாக இரண்டிரண்டு வரிசை மாற்றிப் பின்னுங்கள்.