கேஸ் தீர்ந்துபோவதில்லை: ஏசி காப்பர் குழாய் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போன ஆண்டு மாட்டிய ஏசி. இந்தக் கோடையில் குளிரவே இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார்கள், அடைத்துவிடலாமா?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என எங்கே போனாலும் மார்ச் பிறந்ததும் இந்தக் கேள்வி காதில் விழும். ஏசிக்குள் இருக்கும் கேஸ் அடுப்பில் எரியும் கேஸ் அல்ல, அது செலவாவதே இல்லை. கம்ப்ரசர், இரண்டு சுருள்கள், நடுவே காப்பர் குழாய் என்று மூடிய பாதையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். புதிய ஏசியில் அந்த "எங்கோ" பெரும்பாலும் குழாய் இணைப்புதான்.

இன்டோர் யூனிட்டும் அவுட்டோர் யூனிட்டும் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டு வருகின்றன. குழாய் இணைப்பு மட்டும் நம் வீட்டில், அன்று வரும் மெக்கானிக்கின் கையால் உருவாகிறது. எந்த நிறுவனத்தின் ஏசி என்று ஒரு வாரம் விசாரிப்பவர்கள் இந்த இரண்டு மணி நேர வேலையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

பிளேர்: கசிவின் முதல் முகவரி

குழாயின் முனையைப் புனல் போல விரித்து, பித்தளை நட்டைக் கொண்டு யூனிட்டோடு இறுக்குவதைத்தான் பிளேர் என்கிறோம். குழாயை ஹாக்சா பிளேடால் அறுப்பதில்தான் பல வீடுகளில் தவறு தொடங்குகிறது. வெட்டு கோணலாகும், செம்புத் துகள் உள்ளே விழும். டியூப் கட்டரால் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பின் உட்புறம் கூர்மையாகத் தூக்கி நிற்கும். அதை ரீமரால் மழிக்கும்போது குழாயின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்திருந்தால் துகள் உள்ளே போய், கம்ப்ரசரிலோ நுண்ணிய வால்விலோ போய் உட்காரும்.

விரித்த பிளேரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாக, சுற்றளவு எங்கும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கால் அங்குலக் குழாய்க்கு விரிந்த வாயின் விட்டம் சுமார் 9 மி.மீ., அரை அங்குலக் குழாய்க்கு 16 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். விளிம்பில் மயிரிழை விரிசலோ, ஒரு பக்கம் கோணலோ தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி விரிக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குலக் குழாய் வீணானால் போகட்டும்.

இறுக்குவதில் நம் ஊரில் நிலவும் நம்பிக்கை, "எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது" என்பது. செம்பு மென்மையான உலோகம். அளவுக்கு மீறி இறுக்கினால் பிளேர் நசுங்கி மெலியும். அன்றைக்குக் கசியாது, ஆறு மாதம் அதிர்ந்த பிறகு விரிசல் விடும். கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 50 முதல் 60 என்ற கணக்கில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு இறுக்குவதே முறை. முதலில் கையால் நேராகத் திருகி ஏற்றிவிட்டு, வால்வை ஒரு ஸ்பேனராலும் நட்டை இன்னொன்றாலும் பிடிக்க வேண்டும். ஒரே ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

ஆர்-22 என்ற கேஸ் கொண்ட பழைய ஏசிகளில் இந்த அலட்சியம் ஓரளவு தப்பித்தது. இன்றைய ஆர்-32 கேஸின் அழுத்தம் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வெயில் நேரத்தில் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டை நெருங்கும். போதாததற்கு இது மெல்லத் தீப்பற்றக்கூடிய கேஸ். கசிவைச் சோப்பு நுரையால்தான் தேட வேண்டும். தீக்குச்சியோ லைட்டரோ பக்கத்தில் வரக்கூடாது.

வேக்கம் இல்லாமல் வால்வைத் திறப்பது

வேக்கம் என்பது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. குழாய்க்குள் ஏற்கெனவே காற்று இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் முழுதாக வாங்கும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. கடலோரக் காற்றின் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். இந்த ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் அமிலம் உண்டாகி, மோட்டாரின் கம்பிச் சுருளை மெல்ல அரிக்கும்.

பலர் செய்வது என்ன? அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறந்து, அந்த யூனிட்டுக்குள் தொழிற்சாலையில் நிரப்பி வந்த கேஸைக் கொண்டே காற்றை 'புஸ்' என்று வெளியே தள்ளுகிறார்கள். காற்றில் ஒரு பங்கு போகும், ஈரம் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் காசில் வாங்கிய கேஸும் வீணாகும்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது சாதாரணக் காற்றழுத்தத்தில். அழுத்தம் 32 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் 30 டிகிரி வெப்பத்திலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். வேக்கம் பம்ப் அதைத்தான் செய்கிறது. பாதுகாப்பாக 500 மைக்ரான், அதாவது அரை மி.மீ. வரை இறக்க வேண்டும். கேஸ் அழுத்தம் பார்க்கும் சாதாரண மேனிஃபோல்ட் கேஜின் முள் இந்த அளவைக் காட்டாது, மைக்ரான் கேஜ் வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு பத்து நிமிடம் மைக்ரான் கேஜைக் கவனியுங்கள். சற்று ஏறி ஒரு இடத்தில் நின்றால் ஈரம் மிச்சமிருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. மழைக்காலத்தில் இந்த வேலைக்குக் கூடுதல் நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.

வேக்கத்துக்கு முன்னால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தச் சோதனை செய்வது இன்னும் நல்லது. ஒருபோதும் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு சோதிக்க விடாதீர்கள். எண்ணெயும் அழுத்தமேறிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும்.

சுவருக்குள் புதைத்த குழாய்

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இங்கே கட்டும் வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். பூச்சு வேலைக்கு முன்பே குழாயைச் சுவருக்குள் பதித்துவிடுகிறார்கள். ஏசி வாங்குவதோ வீட்டுக்காரர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது. அதுவரை குழாயின் இரு வாயும் திறந்து கிடக்கும், அல்லது ஒரு துண்டுத் துணி செருகியிருக்கும். சிமெண்டுத் தூசி, மழை ஈரம், குளவிக் கூடு எல்லாம் உள்ளே போகும். முனைகளை நசுக்கிப் பற்றவைத்து, உள்ளே கொஞ்சம் நைட்ரஜனை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஏசி மாட்டும் நாளில் முனையை வெட்டும்போது அந்த நைட்ரஜன் சீறி வெளியேறினால் ஆணியோ டிரில்லோ குழாயைத் துளைக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

சுவருக்குள் இணைப்பே இருக்கக்கூடாது, ஒரே நீளக் குழாயாக ஓட வேண்டும். எந்த வழியாக ஓடுகிறது என்று பூசுவதற்கு முன் அளவு டேப் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி அடிக்க வரும் தச்சருக்கு அது உதவும்.

உப்புக்காற்றும் இன்சுலேஷனும்

பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகளில் அழுத்தம் குறைந்து கேஸ் குளிரும் இடம் அவுட்டோர் யூனிட்டுக்குள் இருப்பதால், மெல்லிய குழாயும் குளிர்ந்தே வரும். ஆகவே இரண்டு குழாய்களுக்கும் தனித்தனியே இன்சுலேஷன் வேண்டும். பெரிய குழாய்க்கு மட்டும் போட்டு, இரண்டையும் சேர்த்து டேப் சுற்றினால் சுவரில் நீர் வடியும், பெயிண்ட் உரியும். குளச்சல், முட்டம் போன்ற கரையோரங்களில் 13 மி.மீ. தடிமனுள்ள கறுப்பு நைட்ரைல் ரப்பர் குழாயைக் கேட்டு வாங்குங்கள். வெளியே வெயில் படும் பகுதியை பிவிசி உறைக்குள் விடுங்கள். திறந்து கிடந்தால் வெயில் பொடியாக்கிவிடும், அணில் கடித்துப் பிய்க்கும். பிளேர் நட்டை மூடாமல் விடுவதும் அடிக்கடி காணும் குறை. சோப்புச் சோதனை முடிந்ததும் அதையும் மூட வேண்டும்.

விலை குறைவு என்று அலுமினியக் குழாயைக் கடலோர வீட்டில் போடாதீர்கள். பித்தளை நட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், குழாய் வெளியே வந்ததும் ஒரு வளைவு கீழே இறங்கி ஏறட்டும். சாரல் உள்ளே வராது. வளைக்க ஸ்பிரிங்கோ பெண்டரோ பயன்படுத்தச் சொல்லுங்கள், நெளிந்த குழாயை நிமிர்த்தி ஒப்பேற்றக்கூடாது.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் நிரப்பிய கேஸ் குறிப்பிட்ட நீளத்துக்குத்தான் கணக்கு. மாடியில் அவுட்டோரை வைத்துக் குழாய் நீண்டால், கையேட்டில் உள்ளபடி மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூடுதலாக ஏற்ற வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிய ஏசியில் கேஸ் குறைந்திருந்தால், முதலில் நான்கு பிளேர் நட்டுகளின் மேல் விரலை ஓட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கும் நட்டில் கசிவு இருக்கலாம். கேஸோடு எண்ணெயும் வெளியே வரும். நுரை போட்டு உறுதிசெய்து, பிளேரை வெட்டிப் புதிதாக விரித்து, வேக்கம் எடுத்த பிறகே கேஸ். அதையும் கேஜ் முள்ளைப் பார்த்து உத்தேசமாக ஏற்ற விடாதீர்கள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் உள்ள தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடையை ஏற்றச் சொல்லுங்கள்.